முளையைக் கண்டவர்கள்



விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. கிழக்குக் கரையிலே வயலோடும் கடலோடும் தறியோடும் வாழுகின்ற எங்களுக்கு இப்பழமொழி தாய்ப்பாலோடு வந்தது. ஆயினும், அதனுள்ளே அடங்கியுள்ள ஒரு நிபந்தனையை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. முளையிலே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் யாருக்குத் தெரியும்? வரம்பிலே நடந்து, வயலுக்குள் இறங்கி, குனிந்து பார்க்கின்றவனுக்கே தெரியும். வீட்டுத் திண்ணையிலே சாய்ந்திருப்பவனுக்கு முளையும் தெரியாது. அது வாடுவதும் தெரியாது.

மீத்திறன் படைத்த பிள்ளைகளைப் பாடசாலையும் வீடும் எவ்வாறு பேணி வளர்ப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதற்கு உளநூலாரின் ஏடுகளைப் புரட்டி விடை கூறலாம். நான் சரித்திரத்தைப் புரட்ட விரும்புகிறேன். ஏனெனில், எங்கள் கல்முனைப் பகுதியின் சரித்திரத்திலேயே இவ்வினாவுக்கு விடை ஒன்று எழுதப்பட்டிருக்கிறது.

மருதமுனையிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது ஆகியவற்றைக் கடந்து காரைதீவை அடையலாம். அக்கிராமத்திலே 1892ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. மயில்வாகனன் என்று பெயரிட்டனர். பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் என உலகம் போற்றிய பெருமகன் அவரே. ஊரிலே குஞ்சித்தம்பி என்னும் ஆசிரியர் அவருக்கு ஏடு தொடக்கினார். பின்னர் கல்முனையிலிருந்த மெதடிஸ்த மிசன் பாடசாலையிலும், அதன்பின் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாம் வயதிலே, 1908இல், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார்.

இங்கே இரண்டு செய்திகளை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சைவக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றைக் கிறிஸ்தவப் பாடசாலைகள் ஏற்று வளர்த்தன என்பது முதலாவது. அப்பிள்ளையின் ஆற்றல் எத்திசையிற் சென்றாலும் அதனை ஒருவரும் வெட்டி ஒற்றை வழியில் அடைக்கவில்லை என்பது இரண்டாவது. அவர் விஞ்ஞானம் கற்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அதே காலப்பகுதியில், 1916இல், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947ஆம் ஆண்டு, அவர் மறைந்த அதே ஆண்டில், அரங்கேறிய யாழ் நூலிலே கணிதமும் இசையும் தமிழ்ப் புலமையும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழின் இசைமுறையை அவர் கணக்கின் துணைகொண்டே மீட்டெடுத்தார். இன்று கணிதத்திலும் பாட்டிலும் ஒருங்கே ஆர்வமுள்ள பிள்ளை ஒன்று நம் முன்னே வந்து நின்றால் நாம் என்ன சொல்லுகிறோம்? பாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கணக்கைப் பார் என்கிறோம். மயில்வாகனனுக்கு அவ்வாறு சொல்ல ஒருவர் வாய்த்திருந்தால், யாழ் நூல் நமக்குக் கிடைத்திராது.

ஆனால், நேயர்களே, ஒரு மயில்வாகனன் எழுந்தான் என்பதைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளும் எழுந்தார்கள் என்று நாம் மகிழ்ந்துவிட முடியாது. நல்ல ஆசிரியர் ஒருவர் அகப்பட்டால் வாழ்வு. அகப்படாவிட்டால் தாழ்வு என்பதே அன்றைய நிலை. இலவசக் கல்வியின் தந்தை எனப்படும் கன்னங்கராவின் இளமையும் இதற்கே சான்று பகர்கின்றது. 1884இல் பிறந்த அவர் அம்பலாங்கொடையிலுள்ள வெஸ்லியன் பாடசாலையிலே படித்துக்கொண்டிருந்தார். பரிசளிப்பு விழாவுக்கு வந்த காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார், ஒரே சிறுவன் மீண்டும் மீண்டும் மேடைக்கு வந்து பரிசு பெறுவதைக் கண்டார். இவற்றைக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டுமே என்று அவர் வேடிக்கையாகக் கூறினார் என்பர். வேடிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை. புலமைப் பரிசில் தந்து அச்சிறுவனைத் தம் கல்லூரிக்கு அழைத்துக்கொண்டார். அன்று டரல் பாதிரியாருக்குக் காய்ச்சலாக இருந்து அவ்விழாவுக்கு வராதிருந்தால், இலங்கையின் கல்விச் சரித்திரம் வேறு விதமாகப் போயிருக்கலாம். ஒரு தேசத்தின் எதிர்காலம் இவ்வளவு மெல்லிய நூலிலே தொங்கலாமா?

இவ்வினாவுக்கு எங்கள் பகுதியில் விடை தேடியவர் ஒரு சிவில் உத்தியோகத்தர். அவர் பெயர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலே பிறந்தவர். இராமகிருஷ்ண மிசன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, சரித்திர பாடத்திலே சிறப்புப் பட்டம் பெற்று, இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதலாவது முஸ்லிம் என்ற பெருமையை அடைந்தவர். காரைதீவு மயில்வாகனனைக் கிறிஸ்தவர்கள் வளர்த்ததுபோல, வண்ணார்பண்ணை அஸீஸை இந்துக்கள் வளர்த்தனர். அறிவுப் பசியோடு வந்த பிள்ளையிடம் அக்காலத்து நல்லாசிரியர்கள் சமயம் கேட்டுச் சோறு போடவில்லை.

1942ஆம் ஆண்டு வந்தது. இரண்டாம் உலக யுத்தம் நம் வாசற்படியை மிதித்தது. பர்மா ஜப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பிலும், 9ஆந் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நாட்டின் பசியைத் தீர்க்கக் கிழக்கு மாகாண வயல்களை நாட வேண்டியதாயிற்று. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கென்று அஸீஸ் அவர்களைக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பினர். அப்போது அவருக்கு வயது முப்பது.

நெல் விளைவிக்க வந்தவர், நெல்லோடு மற்றொரு பயிரையும் கண்டார். வளமான மண்ணிலே வறுமையோடு வாழ்ந்த மக்கள். கூர்மையான புத்தியிருந்தும் சில வகுப்புகளோடு படிப்பை முடித்துக்கொண்டு வயலுக்கும் கடலுக்கும் தறிக்கும் போய்விடுகின்ற பிள்ளைகள். தாமாகவே தலையெடுக்க அவர்களுக்கு வழியில்லை என்பதை அவர் உணர்ந்தார். உணர்ந்து இரங்குகின்ற அதிகாரிகள் பலர். அவர் அடுத்த அடியையும் எடுத்து வைத்தார். அந்த 1942ஆம் ஆண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அங்கே பெற்ற அனுபவம், 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. பணமில்லை என்ற ஒரே காரணத்தால் ஆற்றலுள்ள பிள்ளையின் கல்வி நின்றுவிடலாகாது என்பது அதன் நோக்கம். 1948இல் அவர் சிவில் சேவையையே துறந்து, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகி, 1961 வரை அப்பதவியிலே அமர்ந்திருந்தார். அரசாங்கத்தின் மிக உயர்ந்த உத்தியோகங்களுக்குச் செல்லும் பாதையை விட்டு ஒருவர் ஆசிரியத் தொழிலுக்கு இறங்கி வந்தார் என்று அன்று சிலர் எண்ணியிருக்கலாம். ஏறிப் போனார் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

அவர் செய்த பணியின் சிறப்பு எங்கே இருக்கிறது? தனி ஆசிரியரின் கருணையாக இருந்ததை ஒரு சமுதாயத்தின் கடமையாக அவர் மாற்றினார். டரல் பாதிரியார் கண்டது ஒரு சிறுவனை. அஸீஸ் அவர்களோ, தம் கண்ணாற் காணாத பிள்ளைகளுக்கும் உதவி போய்ச் சேரும்படி ஒரு வாய்க்காலை வெட்டினார்.

அதே ஆண்டில் அரசாங்கமும் தன் வாய்க்காலை வெட்டியது. பரிசளிப்பு விழாவிலே கண்டெடுக்கப்பட்ட அந்த அம்பலாங்கொடைச் சிறுவர், 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாக வீற்றிருந்தார். அவர் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் 1ஆந் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்துக் கல்லூரிகளுக்கு நிகராகக் கிராமப்புறங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பிலே பரீட்சை வைத்து, ஏழைப் பிள்ளைகளிலே திறமையானவர்களைத் தெரிந்து, உண்ண உணவும் உறங்க விடுதியும் தந்து அக்கல்லூரிகளிலே படிப்பித்தார்கள். புலமைப் பரிசில் பரீட்சை பிறந்த கதை இதுதான். டரல் பாதிரியார் தமக்குச் செய்ததை, நாட்டிலுள்ள ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்கு அரசாங்கம் செய்யும்படி கன்னங்கரா ஏற்பாடு செய்தார் எனலாம். இவ்வழியே எங்கள் கரையிலிருந்தும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் சட்டத்தரணிகளும் பேராசிரியர்களும் புறப்பட்டார்கள். 1996இல் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகமே இன்று ஒலுவிலிலே நிமிர்ந்து நிற்கிறது.

இத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் மனம் சொல்லுகிறது. ஆனால் சரித்திரம் நம்மைப் புகழ்ந்துகொள்வதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. ஏழைப் பிள்ளையைத் தேடிப் பிடிப்பதற்கென்று விரித்த வலை இன்று என்னவாயிற்று? ஐந்தாம் தரப் பரீட்சை இன்று பத்து வயதுப் பிள்ளையின் தலைமேல் வைக்கப்பட்ட பெருஞ்சுமையாகிவிட்டது. மாலையிலும் விடுமுறையிலும் பிரத்தியேக வகுப்பு. வெட்டுப்புள்ளிக்கு மேலே ஒரு புள்ளி பெற்றால் ஊரெங்கும் படமும் வாழ்த்தும். கீழே ஒரு புள்ளி குறைந்தால் வீட்டிலே அழுகுரல். பிரத்தியேக வகுப்புக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்காகவே தோன்றிய பரீட்சை, அவ்வகுப்புக்குப் பணமுள்ளவருக்கு வாய்ப்பாகி வருகின்றது.

மேலும், எந்தப் பரீட்சையும் எல்லா முளைகளையும் கண்டுவிடுவதில்லை. அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்தில், லூயிஸ் டெர்மன் என்னும் பேராசிரியர் 1921இல் பேரறிவுள்ள பிள்ளைகளைத் தேடும் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கினார். புத்திப் பரீட்சை வைத்து ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்கள் முதியவர்களாகும்வரை அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. தெரிவானவர்களிற் பலர் நல்ல நிலையை அடைந்தனர் என்பது உண்மை. ஆனால் அப்பரீட்சையில் போதிய புள்ளி பெறாமல் விடுபட்ட சிறுவர்கள் இருவர் பின்னாளிலே பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். ஒருவர் 1956இல் அப்பரிசைப் பெற்ற வில்லியம் ஷொக்லி. மற்றவர் 1968இல் பெற்ற லூயிஸ் அல்வாரெஸ். தெரிவு செய்யப்பட்டவர்களில் ஒருவருக்கேனும் அப்பரிசு கிடைக்கவில்லை.

பரீட்சை கண்டுபிடித்த பிள்ளையைக்கூட அதே பரீட்சை கைவிடலாம் என்பதற்கு நம் தமிழகத்துக் கணித மேதை இராமானுஜன் சாட்சி. கும்பகோணத்திலே எளிய குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் தாயார் வீட்டிலே கல்லூரி மாணவர் சிலருக்குத் தங்க இடம் கொடுத்திருந்தார். சிறுவன் அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கேட்டுக் கற்றுவிட்டு அவர்களுடைய புத்தகங்களையும் வாங்கிப் படித்தான். காகிதம் வாங்கப் பணமில்லை; சிலேட்டிலே எழுதி முழங்கையால் அழித்தான். 1904இல் உயர்தரப் பாடசாலையின் தலைமை ஆசிரியர் அவருக்குக் கணிதப் பரிசு வழங்கியபோது, முழுப் புள்ளிக்கும் மேலே புள்ளி இருந்தால் அதுவே இவனுக்குத் தகும் என்ற கருத்துப்படப் பாராட்டினார். ஆனால் கல்லூரியிலே கணிதம் தவிர்ந்த பாடங்களில் அவர் தவறியதும் உதவிப்பணம் பறிபோயிற்று. சென்னையில் மீண்டும் முயன்று மீண்டும் தோற்றார். வேலையின்றி, உணவுக்கும் வழியின்றி அலைந்த ஆண்டுகள் பல. இறுதியிலே அவரது குறிப்பேட்டை விரித்துப் பார்த்து மதிப்பை உணர்ந்தவர்கள் இராமசுவாமி ஐயர், இராமச்சந்திர ராவ் என்னும் அரசாங்க உத்தியோகத்தர்கள். நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ், தம் கைப்பணத்தையே மாதந்தோறும் கொடுத்து ஆதரித்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கிற்று. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் றோயல் சங்க அங்கத்தவரானார். 1920இல், முப்பத்திரண்டாம் வயதிலே மறைந்தார். அலைந்து கழிந்த அவ்வாண்டுகளை அவருக்கு யாரால் திருப்பித் தர முடிந்தது?

நேயர்களே, பிறர் குறையைச் சொல்லும் நான் என் குறையையும் சொல்லவேண்டும். நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஏழாம் வகுப்பிலே ஒரு பையன் இருந்தான். கையெழுத்துக் கோணல், பாடவேளையிலே தூங்குவான், பலமுறை ஏசியிருக்கிறேன். ஒருநாள் மாலை சாறன் வாங்குவதற்காக ஒரு வீட்டுக்குப் போனேன். அது அவன் வீடு. தகப்பனார் தறியருகே நின்று, இத்தனை கோடு, இத்தனை நிறம், இத்தனை அகலம் என்று சொல்லச் சொல்ல, பாவுக்கு எந்த நிறத்தில் எத்தனை இழை வேண்டும், எவ்வளவு நூல் வாங்க வேண்டும் என்று அவன் காகிதமின்றி உடனுக்குடன் சொன்னான். நான் வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். ஓர் இழைகூடப் பிசகவில்லை. இரவிலே தறியில் உட்கார்ந்தவன் பகலிலே தூங்கினான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. மாஷா அல்லாஹ் என்று வியந்தேன். அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அவன் பாடசாலைக்கு வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. பின்னர் அவன் கடல் கடந்து அரபு நாட்டுக்குக் கூலி வேலைக்குப் போனான் என்று கேள்வியுற்றேன். முளையைக் காணாதவனை மன்னிக்கலாம். கண்டும் தண்ணீர் விடாமல் திரும்பி வந்தவன் நான். அன்று வாங்கிய சாறன் கிழிந்து பல ஆண்டுகளாயின. அந்தக் கணக்கு மட்டும் மனத்தை விட்டு நீங்கவில்லை.

ஆகவே, நான் அறிவுரை சொல்லவில்லை, பட்டறிந்ததைச் சொல்லுகிறேன். ஆசிரிய நண்பர்களே, புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துப் பிள்ளையை அளக்காதீர்கள். பாடத்துக்கு வெளியே கேள்வி கேட்டுத் தொல்லை தருகின்றவன், விரைவில் முடித்துவிட்டு யன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பவன், ஒரு பாடத்திலே மலைபோலவும் மற்றொன்றிலே மடுப்போலவும் நிற்பவன், இவர்களிடம் சற்று அதிக நேரம் பேசிப் பாருங்கள். கணக்கை முடித்துவிட்ட பிள்ளைக்கு அதே கணக்கில் இன்னும் இருபது கொடுப்பது தண்டனை; அதனினும் ஆழமான ஒன்றைக் கொடுப்பதே ஊக்கம். ஒரு தடவையேனும் அப்பிள்ளையின் வீட்டுக்குப் போய் வாருங்கள். என் மாணவனை நான் அறிந்தது வகுப்பறையிலன்று, தறியடியிலே.

பெற்றோர்களே, மீத்திறன் உள்ள பிள்ளையும் பிள்ளைதான். அதற்கு விளையாட்டு வேண்டும், தூக்கம் வேண்டும், தவறு செய்யும் உரிமையும் வேண்டும். வந்த விருந்தாளிக்கெல்லாம் அதன் கெட்டித்தனத்தைக் காட்சிக்கு வைக்காதீர்கள். அதனைக் காட்டி அதன் தம்பியையோ தங்கையையோ இழிவு செய்யாதீர்கள். பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. வாசிகசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அது கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், வாப்பாவுக்கும் தெரியாது, இருவரும் சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். இராமானுஜனின் தாயார் கணிதம் கற்றவரல்லர். அவர் வீட்டிலே புத்தகமுள்ளவர்கள் இருந்தார்கள். அது போதுமாக இருந்தது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் எங்கள் ஊர்களிலே பெண் பருவமடைந்ததும் புத்தகம் மூடப்பட்டது. அந்நாட்களிலே எத்தனை யாழ் நூல்கள் அடுப்படியிலே எரிந்து போயினவோ, இறைவனே அறிவான். இன்று பெண்கள் பல்கலைக்கழகம்வரை செல்லுகிறார்கள். ஆனால் போதும், இனிக் கலியாணம் என்ற குரல் இன்னும் முற்றாக ஓயவில்லை. இறைவன் தந்த அறிவு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆண்பிள்ளையிடம் தந்தால் அமானிதம், பெண்பிள்ளையிடம் தந்தால் அலங்காரம் என்று அவன் வகுக்கவில்லை.

1942இல் நெல் விளைவிக்க வந்த ஓர் இளைஞர் பிள்ளைகளையும் கண்டார். அதன் பயனைத் தலைமுறை தலைமுறையாக நாம் உண்டு வருகிறோம். இன்று நிதியுண்டு, பாடசாலையுண்டு, பரீட்சையுண்டு. இவ்வளவும் இருந்தும், வயலுக்குள் இறங்கிக் குனிந்து பார்க்கின்ற ஒரு மனிதர் இல்லையென்றால், முளை அங்கேயே கருகிவிடும். அந்த மனிதர் யார் என்று நாம் வெளியே தேட வேண்டியதில்லை. நாளைக் காலை பாடசாலை மணி அடிக்கும்போது, நம் வீட்டுப் படலையைத் தாண்டிப் போகின்ற பிள்ளையை ஒரு கணம் நின்று நன்றாகப் பார்ப்போமாக.